ரோவர் சொல்லும் உயரமும் தண்ணீர் ஓடும் திசையும்

சாலை அளவைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கட்டடம் என்றால் ஓரிடத்தில் நின்றாலே நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரியும். அணை என்றால் சுற்றியுள்ள மேடுகளில் புள்ளி வைத்து எல்லாப் பக்கமிருந்தும் சரிபார்த்துவிடலாம். சாலை அப்படியில்லை. 40 கி.மீ. நீளம், 60 மீட்டர் அகலம். வேலை ஒரே போக்கில் நீண்டுகொண்டே போகும். டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வைத்து டிராவர்ஸ் ஓட்டினால், அதாவது புள்ளிக்குப் புள்ளி நகர்ந்து அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு நிலையமும் தன் பிழையை அடுத்ததன் தலையில் கட்டிவிட்டுப் போகும். கோணத்தில் 5 விநாடி பிசகினால் 1 கி.மீ. தள்ளி அது 24 மி.மீ. விலகல். அதன் மேல் அடுத்த நிலையத்தின் பிசகு, அதன் மேல் இன்னொன்று. மொத்தத்தில் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பது 20ஆவது கி.மீ.யில் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் போய் முட்டும்போதுதான் தெரியும். அப்படி ஒரு புள்ளி அங்கே இருந்தால்.

செயற்கைக்கோள் அளவை வந்ததும் முதலில் ஒழிந்தது இந்தத் தொல்லைதான். பாதை நெடுக 5 கி.மீ.க்கு ஒரு ஜோடி கன்ட்ரோல் தூண், அதாவது மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான தூண், நடுவோம். ஜோடியில் ஒன்றிலிருந்து மற்றது தெரிய வேண்டும். பிறகு டோட்டல் ஸ்டேஷனுக்கு பேக் சைட், அதாவது திசை பிடிக்க ஒரு தெரிந்த புள்ளி, வேண்டுமே. அந்தத் தூண்களின் மேல் ரிசீவர்களை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அசையாமல் நிறுத்தி, எல்லாத் தரவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு தூணின் இடமும் சில மி.மீ. துல்லியத்தில் கிடைத்துவிடும். நடுவில் மலை இருக்கட்டும், ஏரி இருக்கட்டும், ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி தெரிய வேண்டியதில்லை. முதல் தூணின் பிசகு எட்டாவது தூண் வரை ஊர்ந்து போவதும் இல்லை. டிராவர்ஸ் ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆக, நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. என் சண்டையெல்லாம் கன்ட்ரோலர் (ரிசீவரோடு கையில் பிடிக்கும் சிறு கணினி) திரையில் வரும் மூன்று தசம இலக்கங்களோடுதான். கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில், மி.மீ. வரைக்கும் வந்து நிற்கின்றன. பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே அளவு நம்பகமானவை என்று தோன்றுகிறது. உண்மையில் முதல் இரண்டும் ஒரு ஜாதி, மூன்றாவது வேறு ஜாதி.

அதற்குப் போகுமுன், இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நம் போனும் ரோவரும் (கம்பத்தின் மேல் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி தூக்கிப் போகும் ரிசீவர்) கேட்பது அதே செயற்கைக்கோள்களைத்தான். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ. பெரும்பாலானவை ஏறக்குறைய 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரம். ஒரு நானோ விநாடி தவறினால் தூரத்தில் 30 செ.மீ. போச்சு. போன் சிக்னலில் உள்ள குறியீட்டைப் படித்துச் சில மீட்டருக்குள் இடம் சொல்கிறது. வழி காட்ட அது போதும். ரோவர் அந்தக் குறியீட்டோடு நிற்காமல், அதைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறது. ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் 19 செ.மீ. அதில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கலாம் என்பதால் 2 மி.மீ. நுணுக்கம் கைக்கு வருகிறது. ஒரே சிக்கல், செயற்கைக்கோளுக்கும் நமக்கும் இடையில் முழு அலைகள் எத்தனை என்பது ரிசீவருக்குத் தெரியாது. கடைசி அலையின் மிச்சத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. முழு எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஃபிக்ஸ், பிடிக்கும் வரை ஃப்ளோட்.

இந்தக் கணக்குக்குத் துணையாகத்தான் பேஸ் என்ற இன்னொரு ரிசீவர், இடம் தெரிந்த தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளிமண்டலம், செயற்கைக்கோள் கடிகாரம், சுற்றுப்பாதை எல்லாம் செய்யும் கோளாறு பேஸுக்கும் ரோவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கழித்தால் பெரும்பகுதி போய்விடும். இரண்டும் விலக விலக வானம் வேறாகும், மிச்சமும் கூடும். இப்படிப் பேஸின் துணையோடு களத்திலேயே உடனுக்குடன் இடம் சொல்வதுதான் ஆர்டிகே. ஆர்டிகே ரிசீவரின் விவரத்தாளில் கிடைமட்டத்துக்கு 8 மி.மீ., அதோடு கி.மீ.க்கு 1 மி.மீ.; உயரத்துக்கு 15 மி.மீ., அதோடு கி.மீ.க்கு 1 மி.மீ. என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். 10 கி.மீ. தள்ளி நின்றால் 18, 25. இதுவும் நல்ல வானம், சுற்றிலும் மறைப்பில்லாத இடம் என்ற நிலையில். அப்போதும் மூன்றில் ஒரு அளவு இந்த எண்ணைத் தாண்டிப் போகலாம் என்பதைத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஃபிக்ஸ் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபிக்ஸே தப்பாக வருவதும் உண்டு. மரத்தடியில், உயர் அழுத்த மின்கோபுரத்துக்குப் பக்கத்தில், டிப்பர் வரிசையின் ஓரத்தில் எல்லாம் சிக்னல் எதிலாவது பட்டுத் தெறித்து வரும். ரிசீவர் முழு அலைகளின் எண்ணிக்கையைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, துளிகூடத் தயக்கமில்லாமல் 'ஃபிக்ஸ்' என்று காட்டும். புள்ளி அரை மீட்டர் தள்ளிக்கூடப் போயிருக்கும். இணைப்பை அறுத்து மறுபடி ஃபிக்ஸ் எடுத்துப் பார்ப்பது, முக்கியமான புள்ளியை ஒரு மணி நேரம் கழித்து வேறு செயற்கைக்கோள் வரிசையில் இன்னொரு முறை அளப்பது, காலையில் முதல் வேலையாக இடம் தெரிந்த ஒரு தூணில் ரோவரை வைத்துப் பார்ப்பது என எல்லாம் பாடப்புத்தகச் சமாச்சாரம்தான். செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்.

இப்போது உயரம்.

முதல் விஷயம், செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்றால் இரண்டின் பிழையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். மேலே இருப்பதற்கு ஈடாகக் கீழே ஒன்று கிடையாது, நடுவில் பூமி இருக்கிறதே. அதனால் கிடைமட்டத்தைவிட உயரத்தில் பிழை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வருவது இயல்பு. கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. ரிசீவர் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமிக்குப் பதிலாக ஒரு வழுவழுப்பான கணிதக் கோளத்தை வைத்து, அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு அது டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளம். நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். தண்ணீருக்கு இந்தக் கோளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது ஈர்ப்பு விசை இழுக்கும் பக்கம் ஓடும். பூமிக்குள் பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் வேறு என்பதால் ஈர்ப்பும் வேறு. அதற்கேற்ப அமையும் சம மட்டப் பரப்பு, அதாவது ஜியாய்டு, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது நீள்கோளத்துக்குக் கீழே சுமார் 106 மீட்டர் இறங்கியிருக்கிறது. நியூ கினி பக்கம் மேலே 80 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. கடலில் மிதக்கும் படகில் ரிசீவரை வைத்தால், எங்கே மிதக்கிறது என்பதைப் பொறுத்து மைனஸ் 100 என்றும் வரும், பிளஸ் 80 என்றும் வரும். இரண்டும் கடல் மட்டம்தான்.

100 மீட்டர் வித்தியாசத்தை யாரும் தவறவிட மாட்டார்கள், அது உடனே கண்ணில் படும். ஆபத்து சரிவில்தான் இருக்கிறது. ஜியாய்டு சில இடங்களில் கி.மீ.க்குச் சில செ.மீ. சாய்ந்திருக்கும். ஒரு தெரிந்த பி.எம்.மில் (உயரம் குறித்து வைத்த பெஞ்ச்மார்க் புள்ளி) ரோவரை வைத்து, வித்தியாசம் 92.40 மீட்டர் என்று பார்த்து, திட்டம் முழுக்க அதே 92.40ஐக் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்று வையுங்கள். அங்கே சாய்வு கி.மீ.க்கு 5 செ.மீ. என்றால் 10 கி.மீ. தள்ளி உயரம் அரை மீட்டர் தவறு. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு அழகாகப் பொருந்தும் என்பதால் வரைபடத்தில் எதுவும் உறுத்தாது. சமவெளியில் ஒரு வாய்க்கால் 5,000க்கு 1 என்ற சரிவில் ஓடுகிறது, அதாவது கி.மீ.க்கு 20 செ.மீ. அதில் கால்வாசியை இந்தப் பிழையே தின்றுவிடும். சாலையின் குறுக்கே கல்வெர்ட் (சிறு பாலம்) கட்டி அதை வாய்க்காலோடு சேர்க்கும்போது, காகிதத்தில் இறங்கும் தண்ணீர் களத்தில் தேங்கி நிற்கும்.

இதற்கு மருந்து ஜியாய்டு மாதிரி. ஈஜிஎம் 2008 உலகம் முழுமைக்கும் உண்டு, பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஏற்றிக்கொள்ளலாம். சாய்வின் பெரும்பகுதியை அது சரிசெய்துவிடும். ஆனால் உலக மாதிரி உலக மாதிரிதான். ஈர்ப்பு அளவுகள் குறைவாக உள்ள பகுதிகளில் அது 10, 20 செ.மீ. தவறுவது சகஜம். நாட்டுக்கென்று தனியாக ஜியாய்டு கணக்கிட்டு வைத்திருக்கும் இடங்களில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும்.

இன்னொரு வழக்கம், லோக்கலைசேஷன். நான்கைந்து பி.எம்.களில் ரோவரை வைத்து, இரண்டு உயரங்களுக்கும் நடுவே ஒரு சாய்தளத்தைப் பொருத்திவிடச் சொல்வது. மைதானம் மாதிரியான இடத்துக்கு அருமையான முறை. சாலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்பது என் கட்சி. காரணம் அந்த நீள ஒல்லி உருவம்தான். பி.எம்.கள் எல்லாம் சாலையோரமாக ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். நீளவாக்கில் தளம் உறுதியாக உட்காரும். குறுக்கே பிடிமானமே இருக்காது. 40 மீட்டர் அகலத்துக்குள் இருக்கும் புள்ளிகளில் ஒன்று 2 செ.மீ. பிசகினால் தளம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். 400 மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் மண் எடுக்கும் குழியில் அது 20 செ.மீ. ஆகும். எடுத்த மண்ணின் கன அளவைக் கணக்கிடும் அன்றைக்கு ரகளைதான்.

மண் கணக்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் 2 செ.மீ. ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் பெருக்கிப் பார்க்க வேண்டும். 30 மீட்டர் அகலம், 1 கி.மீ. நீளம், 2 செ.மீ. கனம்: 600 கன மீட்டர். 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் 60 நடை. அங்கொன்று இங்கொன்றாகக் கூடியும் குறைந்தும் வரும் பிழை கூட்டிக் கழித்து அடங்கிவிடும். பேஸின் ஆன்டெனா உயரத்தைத் தவறாகக் கொடுத்ததால் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் 2 செ.மீ. தூக்கி நிற்பது அடங்காது. சாய்வாக டேப் பிடித்து அளந்துவிட்டுச் செங்குத்து என்று கன்ட்ரோலரில் தேர்ந்தெடுப்பது இதில் முதலிடம் பிடிக்கும் தவறு.

மேலே போகப் போக நிலைமை இன்னும் இறுக்கம். மண் வேலைக்கு 2, 3 செ.மீ. பொறுத்துக்கொள்ளலாம். மேலடுக்குத் தார் 40 மி.மீ. கனம்தான் என்றால், 25 மி.மீ. ஆடும் கருவியைக் கொண்டு அதன் கனத்தை எப்படிச் சரிபார்ப்பது? பக்க வடிகாலுக்கு 0.3 சதவீதச் சரிவு என்றால் 10 மீட்டருக்கு 3 செ.மீ. இறக்கம். ரோவரால் 10 மீட்டருக்கு ஒரு பெக் (அடையாள முளை) அடித்துக்கொண்டு போனால் வடிகால் சில இடங்களில் பின்னோக்கி ஓடும். அதனால் நான் இருக்கும் வேலைகளில் கன்ட்ரோல் தூண்களின் உயரத்தை ஆட்டோ லெவல் அல்லது டிஜிட்டல் லெவல் (இரண்டும் உயர வித்தியாசம் அளக்கும் கருவிகள்) வைத்துத்தான் கொண்டுபோவோம். போன வழியே திரும்பி வந்து மூட வேண்டும். பல ஒப்பந்தங்களில் உள்ள வரம்பு, கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கி வரும் மி.மீ.; 4 கி.மீ. சுற்றுக்கு 24 மி.மீ. நல்ல லெவலும் நல்ல ஸ்டாஃப்மேனும் (ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிப்பவர்) இருந்தால் அதில் பாதிக்குள் மூடிவிடலாம். ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு இருவர் வெயிலில் நடக்கும் பழங்கால வேலை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தண்ணீர் சொன்ன பக்கம் ஓடுகிறது.

உயரத்துக்கு அடுத்து எனக்கு உறுத்தும் விஷயம், மீட்டர். ரோவர் காட்டும் மீட்டரும் டேப் காட்டும் மீட்டரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்க யூடிஎம் என்ற முறை. அதன் மைய நெட்டாங்கில் (வரைபடப் பட்டையின் நடுக்கோட்டில்) அளவுக் காரணி 0.9996. தரையில் 1,000 மீட்டர் என்றால் வரைபடத்தில் 999.6. மையத்திலிருந்து 180 கி.மீ. போலத் தள்ளினால் சமமாகும், அதற்கப்பால் வரைபட நீளம் கூடும். இடம் கடல் மட்டத்திலிருந்து உயரமாக இருந்தால் இன்னொரு திருத்தம் வேண்டும். 1,000 மீட்டர் உயரத்தில் கி.மீ.க்கு ஏறக்குறைய 16 செ.மீ.

நான் பார்த்த ஒரு திட்டத்தில் ஆற்றுப் பாலம் ஒன்று, 40 மீட்டரில் 12 ஸ்பான் (தூணுக்குத் தூண் இடைவெளி). இரண்டு கரையிலும் அபட்மென்ட் (பாலத்தின் கரைமுனைத் தாங்கி) இடங்களைச் சாலைக்காரர்கள் ரோவரால் யூடிஎம் கணக்கில் குறித்துவிட்டார்கள். நடுவில் வரும் பியர்களை (பாலத் தூண்களை) பாலக்காரர்கள் டோட்டல் ஸ்டேஷனில், அளவுக் காரணி 1 என்று வைத்து, ஒரு கரையிலிருந்து குறித்துக்கொண்டு போனார்கள். அக்கரையில் 19 செ.மீ. மிச்சம். உங்கள் கருவியைக் காலிபிரேஷனுக்கு அனுப்புங்கள் என்று இரண்டு தரப்பும் மாறி மாறிக் கடிதம். கருவிகள் இரண்டும் சொன்னது சரிதான். 480ஐ 0.9996ஆல் வகுத்தால் 480.192, ஒருவர் வரைபட மீட்டரில் நின்றார், மற்றவர் தரை மீட்டரில். 40 மீட்டர் கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்திரம்) வார்ப்பவருக்கு யூடிஎம் தெரியாது, அவருக்கு 40 மீட்டர் என்றால் தரையில் 40 மீட்டர். கடைசியில் திட்டத்துக்கென்று தரை மீட்டருக்கு இசைந்த ஒரு தனிக் கட்டத்தை அமைத்து எல்லா ஆயங்களையும் (புள்ளிகளின் இடம் சொல்லும் எண்களை) அதற்கு மாற்றினார்கள். அதை முதல் மாதமே செய்திருக்கலாம். நிலம் எடுப்பிலும் இதே கதை சின்ன உருவத்தில் வரும்: மைய நெட்டாங்குக்குப் பக்கத்தில் 1 ஹெக்டேர் நிலம் யூடிஎம் வரைபடத்தில் 8 சதுர மீட்டர் குறைந்து தெரியும். நிலத்துக்காரர் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்து கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான்.

கம்பத்தைச் சாய்த்துப் பிடித்தாலும் சரியாகச் சொல்லும் டில்ட் ரோவர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மதில் மூலை, மின்கம்பத்தின் அடி, கால் வைக்க முடியாத பள்ளம் எல்லாவற்றுக்கும் அது வரம். கன்ட்ரோல் புள்ளிக்கும் லெவலுக்கும் கம்பத்தை நேராக நிறுத்தி, பபிளைப் (மட்டம் காட்டும் குமிழை) பார்த்து, பைபாடில் (இருகால் தாங்கியில்) கட்டுங்கள்.

மாலை நேரத்தில் ஃபிக்ஸ் வராமல் அலைவதற்கும் கருவியைத் திட்ட வேண்டாம். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துப் பகுதிகளில் சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் அயனி மண்டலம் (மின்னூட்டம் கொண்ட மேல் வளிமண்டலம்) கொதிக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, சூரியச் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், இது மோசம். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலின்போது அமெரிக்காவில் விதைப்புக் காலத்தில் இருந்த டிராக்டர்கள்கூட ஆர்டிகே வழிகாட்டல் கெட்டு நின்றன. அந்த மாதிரி நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதே உத்தமம். மறுநாள் காலையில் அதே புள்ளிக்கு அரை நிமிடத்தில் ஃபிக்ஸ் வரும்.

தேதி என்றதும், ஆயங்களுக்கும் தேதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலத்தட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 செ.மீ. போல நகர்வதால், அங்கே பழைய ஜிடிஏ 94 ஆயங்களுக்கும் புதிய ஜிடிஏ 2020க்கும் 1.8 மீட்டர் வித்தியாசம். ஒரு திட்டத்துக்குள் எல்லாத் தூண்களும் சேர்ந்தே நகர்வதால் உள்ளூர் வேலை கெடாது. இந்த ஆண்டு ஒரு தூணின் தரவை இணையத்தில் உள்ள இலவசச் சேவைக்கு அனுப்பி ஆயம் வாங்கி, நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய இன்னொரு தூணின் ஆயத்தோடு சேர்த்தால்தான் கெடும்.

புதிதாக ஒரு திட்டத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு தாள்: எந்த டேட்டம் (ஆயங்களுக்கு அடிப்படையான அமைப்பு), எந்தத் தேதிக்கு, எந்த புரொஜெக்‌ஷன், அளவுக் காரணி எவ்வளவு, எந்த ஜியாய்டு மாதிரி, உயரம் எந்த பி.எம்.மிலிருந்து லெவல் ஓட்டி வந்தது. பெரும்பாலும் கிடைப்பது தூண் எண்ணும் மூன்று ஆயங்களும் மட்டும் உள்ள எக்செல் கோப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தூண்களைத் தேடிப் போனால் பாதியை எக்ஸ்கவேட்டர் பிடுங்கிப் போட்டிருக்கும். சாலை எல்லைக்கு வெளியே நட வேண்டும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மீதிப் பாதியில் பேஸை வைத்து, மற்ற தூண்களில் ரோவர் பிடித்து, இரண்டிரண்டாகத் தூரத்தை டோட்டல் ஸ்டேஷனிலும் உயர வித்தியாசத்தை லெவலிலும் சரிபார்ப்பதற்கு முதல் வாரம் போய்விடும். மேலாளர்களுக்கு இது பிடிக்காது, ஒரு பெக்கும் அடிக்காமல் ஒரு வாரமா என்பார்கள். அப்போது அந்தப் பாலத்தின் 19 செ.மீ. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவேன். அதற்கப்புறம் பெரும்பாலும் யாரும் அவசரப்படுத்துவதில்லை.